வீட்டிலேயே பாடம் பண்ற பொண்ணு

சம்பூர்ணத்தின் வாயிலிருந்து பொய் வராது. ஆனால் உண்மையும் முழுசாக வராது, பாதியில் நின்றுவிடும். கேட்கிறவர்கள் மீதியைத் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். மோகனாவின் கல்யாணப் பேச்சில் நடந்த கூத்து அத்தனைக்கும் அப்படிப் பாதியில் நின்ற ஒரு பேச்சுதான் காரணம்.

சம்பூர்ணமும் மோகனாவும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்கள். சம்பூர்ணத்துக்குப் பிறந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். அங்கே ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில், பூத்தோட்டம் வைத்திருக்கிற கண்ணம்மாள் தன் மகன் சூரியபிரகாஷுக்குப் பெண் தேடுவதாகச் சொன்னாள். இவளுக்கு உடனே மோகனா ஞாபகம் வந்துவிட்டது. நம்ம ஜனந்தான், அம்மா இல்லாத பொண்ணு, அப்பா கம்பெனியில இருக்காரு, பொண்ணு வேலையில கெட்டி என்று அடுக்கிக்கொண்டே போனாள். கடைசியாக, பந்தியில் சாம்பார் எங்கே வருகிறது என்று பார்த்தபடியே, "வீட்டுக்கு வந்தாலும் சும்மா உக்காராதுக்கா. வீட்டுலயே பாடம் பண்ணுது" என்றாள்.

எதைப் பாடம் பண்ணுகிறது என்றும் சொல்லியிருக்கலாம். அதற்குள் சாம்பார் வந்துவிட்டது.

ஆம்பூரில் பிறந்தவர்களுக்குப் பாடம் என்றால் முதலில் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வராது. உப்பு அப்பிக்கொண்டு வந்து இறங்குகிற பச்சைத்தோலை ஊறவைத்து, மயிர் எடுத்து, தொட்டியில் போட்டு, காயவைத்து, கெடாமல் ஆக்குகிற வேலை மொத்தத்துக்கும் பழைய ஆட்கள் சொல்கிற பேர் பாடம் பண்றது. மோகனாவின் அப்பா பெருமாள் மீசை முளைத்த நாளிலிருந்து தோல்ஷாப்பில் அதைத்தான் செய்கிறார். மோகனா பாடம் பண்ணுவதோ பூவையும் இலையையும். கெட்டுப்போகிற ஒன்றைக் கெடாமல் தட்டையாக எடுத்து வைக்கிற வேலைக்கு அந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது, அவளும் அதையே எடுத்துக்கொண்டாள். அவளுடைய தோஸ்த்து அம்பரீன் இதற்கு பிரெஸ்ஸிங் என்று பேர் சொல்லுவாள், போனில் படம் போடும்போது இன்னும் நீளமாக ஏதோ போடுவாள். மோகனாவுக்கு அதெல்லாம் வாயில் நுழையாமல் இல்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சந்தில் இருக்கிற அம்பரீன்தான் இந்த வேலையையே ஆரம்பித்து வைத்தவள். கல்யாணப் பத்திரிகை, சாவிக்கொத்து, போட்டோ ஃபிரேம் என்று அவள் செய்து கூரியரில் அனுப்புகிறவற்றுக்கெல்லாம் காய்ந்த பூ வேண்டும். கடையில் வாங்கினால் தொட்டதும் பொடியாகிறது என்று மோகனாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். மோகனாவின் கைக்கு அது பிடித்துப் போயிற்று. ஷூவுக்குள் அடியில் வைக்கிற இன்சோல் அட்டையில் வெட்டியது போக மிச்சம் விழுகிற துண்டுகளைக் கம்பெனியில் கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீரை அந்த அட்டை இழுக்கிற மாதிரி எதுவும் இழுக்காது. அட்டைமேல் பழைய பேப்பர், அதன்மேல் பூ, மறுபடி பேப்பர், மறுபடி அட்டை. மேலும் கீழும் பலகை வைத்து நாலு மூலையிலும் போல்ட்டை முறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். முதல் சில நாளைக்குப் பேப்பரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நாள் சோம்பல் பட்டாலும் பூ கறுத்துவிடும். காகிதப்பூ சொன்ன பேச்சைக் கேட்கும். மல்லி கேட்கவே கேட்காது, என்ன செய்தாலும் டீத்தூள் நிறத்துக்குப் போய்விடும். ஏலகிரியிலிருந்து வருகிற பெரணி இலை நன்றாக வரும். கனகாம்பரம் பழகப் பழக வசமாகும்.

இதெல்லாம் கண்ணம்மாளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் பாடம் பண்ணுகிறது என்றால் அவளுக்கு டியூஷன். வரப்போகிற மருமகள் டியூஷன் எடுக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி தன் பையனுக்குக் கணக்கு வரவில்லை, கல்யாணம் ஆனதும் உன் மருமகளிடம் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டுக்கூடப் போனாள். கண்ணம்மாள் தலையை ஆட்டிப் பெரிய மனசோடு சம்மதித்தாள்.

பெண் பார்க்க வந்தார்கள், பிடித்தது, போனார்கள். சூரியபிரகாஷ் போன் நம்பர் வாங்கிக்கொண்டான். விடிவதற்குள் தோட்டத்தில் பூவெடுத்து வேலூர் மார்க்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் மோகனாவுக்குப் பேசுவான். அவள் பூ பாடம் பண்ணுகிற கதையைக் கேட்டதும், எந்தப் பூ நிற்கும், எந்த இலை நிற்கும், காம்போடு வேண்டுமா, மொட்டாக வேண்டுமா என்று விசாரித்தான். அதோடு நிற்காமல் ஈரத்துணியில் சுற்றிய கனகாம்பரமும், வரப்பில் கிடைத்த விதவிதமான இலையும் பஸ்ஸில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தான். மோகனாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. இதற்கு முன் வந்துபோன மாப்பிள்ளைகளில் ஒருத்தன்கூட அவளிடம் உனக்கு இன்னா வேணும் என்று கேட்டதில்லை. அவளுக்கு இவனைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை, இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று அவள் நிஜமாகவே ஆசைப்பட்டாள்.

அப்பாவுக்குத் தோல்ஷாப்பில் வேலை என்பதையும் அவனிடம் அவள் மறைக்கவில்லை.  அவன், அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அந்தப் பக்குவம் கடைசிவரைக்கும் வரவேயில்லை.

நடுவில் கண்ணம்மாளின் தம்பி வந்தான். மினிலாரி ஓட்டுகிறவன். ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. அக்கா டியூஷன் பெருமையை அளந்துகொண்டிருப்பதைக் கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆம்பூரில் எவளும் டியூஷன் எடுப்பதைப் பாடம் பண்றேன் என்று சொல்லமாட்டாள், பாடம் என்றால் அங்கே தோல், நீ தோல்காரன் வீட்டில் சம்பந்தம் பேசிவிட்டு வந்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, சோற்றைப் போடு என்று உட்கார்ந்தான்.

கண்ணம்மாளுக்குத் தலையில் இடி விழுந்தது. அதுவும் வீட்டிலேயே பண்ணுகிறதாமே. சமையல்கட்டில் தொட்டி வைத்து ஊறப்போட்டிருப்பார்களோ, கொடியில் துணி மாதிரி ஆட்டுத்தோல் தொங்குமோ என்று நினைக்க நினைக்க அவளுக்குக் குமட்டியது. பூவில் பிறந்து பூவில் வளர்ந்த வீடு அது. கம்பெனியில் உட்கார்ந்து ஷூ தைக்கிறதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள், பச்சைத்தோல் வேறு. நம்ம ஜனமாகவே இருந்தாலும் தோலுக்குப் போனவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டதில்லை. எதிர்வீட்டுப் பையனின் கணக்கு வேறு அந்தரத்தில் நின்றது.

சூரியபிரகாஷ் இதைப் போனில் சொன்னபோது மோகனா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. அது பூ என்று அவன் தலைபாடாக அடித்துக்கொண்டும் அம்மா நம்பவில்லையாம், பெண்மேல் இருக்கிற ஆசையில் மூடி மறைக்கிறான் என்கிறாளாம். அப்படியென்றால் நேரில் வந்து பார்க்கட்டும் என்று மோகனா சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று. தட்டோடு வருவார்கள். கண்ணம்மாள் கண்ணால் பார்த்து மனசு ஆறினால் அங்கேயே பெண்ணின் தலையில் பூ வைத்துவிடுவாள். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி, அப்புறம் எந்த மாமன் வந்தாலும் கலைக்கமுடியாது. ஆறாவிட்டால் தட்டு வந்த வழியே திரும்பிவிடும்.

சம்பூர்ணம் காலையிலேயே வந்து இறங்கினாள். தன் அரை வாயால் வந்த வினை என்று அவளுக்கு உறுத்தல் இருந்திருக்கவேண்டும், ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற ஜாதி இல்லை அவள். பெருமாளை உட்காரவைத்து, "அண்ணே, அந்தக்கா எதக் கேட்டாலும் கம்பெனின்னு மட்டும் சொல்லு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று ஓதினாள். அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சரி சரி என்றார். மோகனாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த இடத்தில் அவளைப் பெரிய அரிச்சந்திரன் ஆக்கிவிட முடியாது. அப்பாவின் ஷாப்புச் செருப்பை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகி வைத்ததே அவள்தான்.

அம்பரீன் தன் பங்குக்கு ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி வீட்டில் இருந்த ஓட்டைகளில் எல்லாம் செருகினாள். அது போதாது என்று வீட்டிலிருந்து அத்தர் கொண்டுவந்து திரைச்சீலையிலும் தெளித்தாள். நல்ல எண்ணம்தான். ஆனால் சந்தேகத்தோடு வருகிறவர்களுக்கு நல்ல வாசனையும் ஒரு தடயம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். கண்ணம்மாளின் வீட்டுக்காரருக்கு முட்டிவலி, வரவில்லை. தம்பிக்காரன், நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்று துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டான். அம்மாவும் மகனும் தட்டோடு உள்ளே வந்தார்கள். பழம், வெற்றிலை, பட்டுத்துணி, மேலே அவர்கள் தோட்டத்து மல்லியும் கனகாம்பரமும் கலந்து நெருக்கமாகக் கட்டிய சரம்.

கண்ணம்மாள் வாசற்படி தாண்டியதுமே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். "ஏம்மா, இன்னாத்துக்கு இவ்ளோ ஊதுபத்தி?" என்று கேட்டாள்.  அம்பரீன், நான் காபி பார்க்கிறேன் என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

பெருமாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். கண்ணம்மாள் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, கைகால் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனாள். பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தாள். கொடியை அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், இன்னும் ஒரு அடி நகர்ந்திருந்தால் செருப்பு மாட்டியிருக்கும். பின்னாலேயே போன சம்பூர்ணம், அங்க பாசி கீதுக்கா, வழுக்கும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கண்ணம்மாள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல், அந்தப் பாடத்தைக் கொண்டா பார்க்கலாம் என்றாள்.

மோகனா கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்து நடுவீட்டில் வைத்தாள். போல்ட்டைக் கழற்றுகிற நேரம் முழுக்கக் கண்ணம்மாள் புடவைத் தலைப்பை மூக்கருகே தயாராக வைத்திருந்தாள். மேல் பலகை வந்தது. அட்டை வந்தது. பேப்பரைப் புரட்டியதும் கனகாம்பரம், ஒவ்வொன்றும் இதழ் மடங்காமல் வரிசையாகப் படுத்திருந்தது. அடுத்த அடுக்கில் பெரணி. அதற்கடுத்து சாமந்தி இதழ். கண்ணம்மாள் குனிந்தாள். ஒரு பூவை நகத்தால் எடுத்துப் புரட்டினாள், முகர்ந்து பார்த்தாள், ஒரு வாசனையும் இல்லை. நாலைந்து அடுக்கைத் தானே புரட்டிக் கடைசி அட்டைவரைக்கும் போனாள், எங்கேயாவது அடியில் தோல் இருந்துவிடப் போகிறதே என்று.

"இது நம்ம தோட்டத்துக் கனகாம்பரம் ஆச்சே" என்றாள் மகனைப் பார்த்து. அவன் தலையைச் சொறிந்தான்.

அப்புறம்தான் அந்தம்மா சிரித்தாள் பாருங்கள். தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "பூவா. அட கண்ணு, பூவா. எந்தம்பி பாவி தோலுன்னுட்டான்மா. சோறு எறங்கல எனக்கு. தோலத் தொட்ட கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க முடியுமா, நீயே சொல்லு" என்றாள்.

தண்ணீர் கொடுத்த கை அப்போது மடியில் இருந்தது. பெருமாள் அதை மெதுவாக எடுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். மோகனா அதைப் பார்த்தாள்.

கண்ணம்மாளுக்கு மனசு ஆறிவிட்டது. ஆறினால் போதாதா, அடுத்த நிமிஷமே அவள் இந்த வீட்டுச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். பூவை இப்படி நசுக்கி வைத்தால் அது யாருக்கு ஆகும் என்று மோகனாவைக் கிண்டல் செய்தாள். அம்பரீன் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டாள். நாற்காலியைப் பெருமாள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "கம்பெனின்னு சொன்னாங்களே, அப்போ அண்ணனுக்கும் பூ யாவாரம்தானா?" என்று கேட்டாள்.

கம்பெனி என்று சொல்லவேண்டிய இடம். சம்பூர்ணம் கண்ணைக் காட்டினாள். பெருமாள் அவளைப் பார்க்கவில்லை. "ஆமாம்மா. பூதான். பூ யாவாரந்தான்" என்றார்.

மோகனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணம்மாளோ பூக்காரி, தன் தொழில்காரன் ஒருத்தனைக் கண்டுவிட்ட சந்தோஷத்தில் மல்லி இப்போ ஆம்பூரில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தாள். முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் கேட்க நாதியிருக்காது என்றார் அவர். பொத்தாம் பொதுவான பதில், ஆனால் கண்ணம்மாள், அதையேன் கேக்கறீங்க என்று ஆமோதித்தாள். பனி விழுந்தால் மொட்டு சிறுக்கிறது என்று அவள் சொன்னாள், சூடான கையில் எடுத்தால் மல்லி வாடிவிடும், ஈரச்சாக்கில் போட்டுத்தான் கொண்டுவரவேண்டும் என்று இவர் சொன்னார். விடியற்காலையில் மார்க்கெட்டில் நிற்பது, தரகர் தட்டிப் பறிப்பது, மிஞ்சிய பூவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு வருவது என்று ஷாப்புக்குப் போகிற வழியில் பார்த்ததை எல்லாம் தன்னுடையதாக்கிப் பெருமாள் பேசிக்கொண்டே போனார். குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளி ஆட்களுக்கு முன்னால் அப்பா நாலு வார்த்தை சேர்த்துப் பேசி மோகனா பார்த்ததில்லை. கல்யாண வீட்டில்கூடப் பந்தல் ஓரமாக நின்று, மொய் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிடுகிற ஆள்.

அவளுக்கு, தன் கல்யாணத்துக்காக அப்பா தன் வேலையையும் பேரையும் தானே வாயால் அழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சூரியபிரகாஷைப் பார்த்தாள். அவர்கள் பக்கத்தில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் கழற்றிவைத்த போல்ட்டில் மரையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான்.

கண்ணம்மாள் நேரமாகிறது என்று எழுந்தாள். மோகனாவைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்தார்கள். கண்ணம்மாள் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு தட்டிலிருந்து சரத்தை எடுத்து, மோகனாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஹேர்பின்னைப் பல்லால் பிரிக்கிற சத்தம் கேட்டது. கூந்தலில் ஈரப்பூ ஜில்லென்று பட்டது.

"இல்லத்தே" என்றாள் மோகனா. "அப்பா பூ யாவாரம் இல்ல. தோல்ஷாப்புல இருக்காரு."

தலையில் இருந்த கை அப்படியே நின்றது. இன்னாம்மா சொல்றே என்று கண்ணம்மாள் கேட்டாள், காது சரியாகக் கேட்காதவள் மாதிரி.

"பாடம்னா தோலுதான். உங்க தம்பி சரியாத்தான் சொன்னாரு. அது எங்கப்பா செய்யற வேல. நான் அவருகிட்டேர்ந்து அந்தப் பேர மட்டும் எடுத்து பூவுக்கு வெச்சிக்கிட்டேன்."

சம்பூர்ணம் தலையில் கைவைத்துக்கொண்டாள். வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழியை உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், பெண்ணே எழுந்து உடைத்து அவள் பார்த்ததில்லை. கண்ணம்மாள் பெருமாளைப் பார்த்து, நிசமாண்ணே என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

ஹேர்பின் பாதி ஏறியிருந்தது. கண்ணம்மாள் முடி இழுபடாமல் பார்த்து மெதுவாக அதை எடுத்தாள். சரத்தைத் தட்டில் வைத்தாள். கெட்ட பொம்பளை இல்லை அவள், ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பழத்தையும் துணியையும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பூவை மட்டும் விட்டுவிட்டுப் போனால் வேறு அர்த்தமாகிவிடும் என்று சொல்லி அதைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். போகும்போது பெருமாளிடம்தான் அவளுக்கு வருத்தம். "தோலுன்னே சொல்லியிருக்கலாம்ணே. நான் வந்தே இருக்கமாட்டேன், உங்களுக்கும் இந்தச் சங்கடமில்ல. இவ்ளோ நேரம் எங்கூட மல்லியப் பத்திப் பேசிகினு இருந்தீங்களே" என்றாள்.

சூரியபிரகாஷ் கடைசியாக எழுந்தான். கையில் இருந்த போல்ட்டைப் பலகைமேல் வைத்துவிட்டு, போன் பண்றேன் என்று முணுமுணுத்தான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

சொன்னபடி மத்தியானம் போன் வந்தது. அவன் கோபமாகக்கூடப் பேசவில்லை. பூ வைக்கிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்புறம் அம்மாவால் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஒரு நாலு நாள் அழுதுவிட்டு ஒத்துக்கொண்டிருப்பாள், இனிமேல் நான் எந்த முகத்தோடு கேட்பது என்றான். மோகனா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"நீதான் தொறந்துட்டியே" என்றான்.

போனை வைத்துவிட்டு மோகனா அழுதாள். நன்றாக, மூக்கு வீங்குகிற அளவுக்கு அழுதாள். அவன் கோழைதான். அது தெரிந்தபிறகும் அவன் வேண்டும் என்றுதான் இருந்தது, மனசு என்ன நாம் சொன்னதைக் கேட்கிற ஜன்மமா? சம்பூர்ணம் திட்டிக்கொண்டே கிளம்பிப் போனாள். அம்பரீன் மட்டும் கூடவே உட்கார்ந்திருந்தாள். நீ செய்ததுதான் சரி, இப்படி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும், உங்க அப்பாவுக்கு உள்ளுக்குள்ளே எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். மோகனா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை போனான், போகட்டும். அப்பாவைத் தலைகுனிய விடவில்லை, அது ஒன்று மிச்சம் என்று நினைத்தால் கொஞ்சம் மூச்சு விடமுடிந்தது.

பெருமாள் வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் பின்பக்கம் உட்கார்ந்தே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. வெயில் இறங்கியதும் மோகனா டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தாள். சின்னதாகப் போதும், தலையில் கையை வைத்தால்கூடப் போதும்.

அவர் டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"உன்ன யாரு கேட்டா?" என்றார்.

மோகனாவுக்குப் புரியவில்லை. "அந்தம்மா உன்ன அசிங்கப்படுத்துச்சுப்பா. தோலத் தொட்ட கையின்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லுது. நீ பொய் பேசிகினு குறுகிப்போய் உக்காந்திருந்தே. எனக்குத் தாங்கல."

"குறுகிப்போயா?" பெருமாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நானா?"

 குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நாற்காலிய எம்பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிச்சு அந்தம்மா, பாத்தியா? வாழ்நாள்ல எங்கிட்ட யாரு அப்பிடி ஒட்டி உக்காந்து பேசியிருக்காங்க? மல்லி இன்னா வெலன்னு கேட்டுச்சு. நான் சொன்னா ஆமாண்ணேங்குது. கொஞ்ச நேரம் நான் பூக்காரனா இருந்தேன், மோகனா. சும்மா சொல்லக்கூடாது, நல்லா இருந்துச்சு. அவங்க போறவரைக்கும் இருந்துட்டுப் போறேன்னு விட்டிருக்கலாம் நீ."

  அவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்துவிட்டு, காலையில ஷாப்புக்கு சீக்கிரம் போவணும் என்று சொல்லி எழுந்து உள்ளே போனார்.